திரையிலிருந்து பொருளுக்குக் கண்ணைத் திருப்புவது

அருங்காட்சியகத்தில் புதிதாக ஒரு தொடுதிரை வைத்தால், கொஞ்ச நாள் கழித்து ஓர் அறிக்கை வரும். எத்தனை பேர் தொட்டார்கள், சராசரியாக எவ்வளவு நேரம் நின்றார்கள், எந்தப் பொத்தானை அதிகம் அழுத்தினார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். எண்கள் பெரிதாக இருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். கண்காட்சிக் கூடங்களுக்கு டிஜிட்டல் காட்சிகள் வடிவமைக்கிற வேலையில் பல வருடங்களாக இருக்கிற எனக்கு அந்த எண்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. திரைக்கு இரண்டடி தள்ளிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளை அவர்களில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை அந்த அறிக்கை சொல்லாது. திரை பார்ப்பதற்காக யாரும் அவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. அது எல்லோர் கையிலும் ஏற்கெனவே இருக்கிறது.

அதனால் நான் வேறொன்றை எண்ணுகிறேன். கூடத்தின் வரைபடத்தைக் காகிதத்தில் அச்சடித்துக்கொண்டு, பென்சிலோடு ஒரு மூலையில் நின்றுவிடுவேன். ஒருவர் உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகும்வரை எங்கே நின்றார், எதைத் தாண்டிப் போனார் என்று கோடு போடுவேன். திரை முன்னால் நிற்பவர் என்றால், அவர் தலை திரையை விட்டுப் பெட்டிப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு புள்ளி வைப்பேன். அவ்வளவுதான். புள்ளி விழாத திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் என் கணக்கில் அது தோற்ற திரை.

இந்த முறை ரொம்பப் பழையது. எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் பார்வையாளர்களின் நடத்தையை இப்படிக் கவனித்து 1928-ல் வெளியிட்டார். ஆர்தர் மெல்டன் 1935-ல் அதை இன்னும் நுணுக்கமாகச் செய்தார். கூடத்துக்குள் நுழைகிறவர்களில் பெரும்பாலோர் வலப்பக்கம் திரும்புகிறார்கள், வெளியேறும் வாசல் கண்ணில் பட்டுவிட்டால் மிச்சக் காட்சிகளை விட்டுவிட்டு அதை நோக்கிப் போய்விடுகிறார்கள் என்று அவர் கண்டார். நுழைந்ததும் இடப்பக்கம் விலையுயர்ந்த தொடுதிரை மேசை, வலப்பக்கம் தீயணைப்புக் கருவி என்று இருந்த ஒரு கூடத்தில் கோடு போட்டுக்கொண்டு நின்றபோது, மெல்டனை நினைத்துச் சிரிப்பு வந்தது. மேசையை எங்கே வைப்பது என்பதை மின்சார இணைப்பு இருக்கும் இடம் தீர்மானித்திருந்தது. மேசை வாங்குவதற்கு முன் ஒரு மதியம் அந்தக் கூடத்தில் நின்றிருந்தாலே தெரிந்திருக்கும்.

நாணயக் கூடம் ஒன்றில் செய்த வேலை இந்த விஷயத்தில் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. நாணயங்கள் விரல் நகம் அளவுதான் இருக்கும். வெறும் கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். காப்பாட்சியர் கேட்டது நியாயமான ஒன்றுதான்: பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு திரை, ஒவ்வொரு நாணயத்துக்கும் பெரிய படம், விரலால் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி, கீழே வரலாறு. மென்பொருள் எழுதும் முன்னால் அந்தத் திரைகளைக் காகிதத்தில் அச்சடித்து, பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் செருகி வைத்து, வருகிறவர்களைப் புரட்டிப் பார்க்கச் சொன்னோம். எல்லோரும் ஆர்வமாகத்தான் புரட்டினார்கள். நல்ல படங்கள், கூர்மையான வெளிச்சம். புரட்டி முடித்ததும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கூடத்துக்குப் போனார்கள். பெட்டிக்குள் யாரும் குனிந்து பார்க்கவில்லை. படம் பொருளைவிட நன்றாக இருந்தது, அதுதான் சிக்கல்.

அப்புறம் திரையின் வேலையைக் குறைத்தோம். பெட்டியில் நாணயத்தின் ஒரு பக்கம்தான் தெரியும். மறுபக்கம் கீழே மறைந்திருக்கும். திரையில் அந்த மறுபக்கத்தை மட்டும் காட்டினோம். கூடவே ஒரே ஒரு கேள்வி, பதில் பெட்டிக்குள் இருக்கிற பக்கத்தில் மட்டுமே கிடைக்கிற மாதிரி. இதன் பின்னால் ஒரு கப்பல் இருக்கிறது, முன்னால் இருக்கும் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது? இந்த அளவுக்கு எளிமையான கேள்விதான். காகித மாதிரியிலேயே புள்ளிகள் விழ ஆரம்பித்தன. பெரியவர்கள் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு குனிந்தார்கள். குழந்தைகள் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு காட்டினார்கள். கடைசியில் பெட்டியின் மேல் ஒரு கம்பியில் இங்குமங்கும் நகர்த்தும் உருப்பெருக்கியையும் பொருத்தினோம். அந்தக் கூடத்தில் மக்கள் அதிகம் விரும்பித் தொட்டது அந்தக் கண்ணாடியைத்தான். அதற்கு மின்சாரமே தேவையில்லை.

அன்றிலிருந்து ஒரு திட்டம் மேசைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது இதுதான்: பெட்டிக்குள் இருக்கும்போது இந்தப் பொருளால் எதைக் காட்ட முடியவில்லை? பின்புறமா, உள்ளிருப்பதா, சத்தமா, அசைவா, அழிந்துபோன நிறமா? அந்த இடத்தை மட்டும் டிஜிட்டலுக்குக் கொடுத்தால் போதும். பிரிட்டிஷ் மியூசியம் 2014-ல் எட்டு மம்மிகளை வைத்து நடத்திய கண்காட்சி இதற்கு நல்ல உதாரணம். கட்டுகளைப் பிரிக்காமல் சிடி ஸ்கேன் எடுத்து, அடுக்கடுக்காக உள்ளே போகும்படி படங்களை அந்த உடலுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். பார்க்கிறவர் திரையில் ஓர் எலும்பைப் பார்த்ததும் அதே இடத்தை உடலில் தேடுவார். நியூயார்க் மெட்ரோபொலிட்டன் மியூசியத்தில் இருக்கும் எகிப்தியக் கோயில், டெண்டூர் கோயில், ஒரு காலத்தில் வண்ணம் பூசப்பட்டிருந்தது. இன்று வெறும் கல். அதன் சுவர்ச் சிற்பம் ஒன்றின் மேல் ப்ரொஜெக்டர் ஒளியால் நிறங்களை விழச்செய்து காட்டினார்கள். இங்கே திரை என்று தனியாக ஒன்றும் இல்லை. கல்லே திரை. ஒளியை அணைத்தால் கல் அப்படியே இருக்கும், ஒரு கீறல் விழாது.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2015-ல் எலும்புக்கூடுகளுக்கென்று ஒரு செயலி வெளியிட்டது. போனைத் தூக்கி எலும்புக்கூட்டுக்கு நேராகப் பிடித்தால் அதன் மேல் தசையும் தோலும் வந்து உட்காரும். மிகைநிலைக் காட்சிக்கு, அதாவது ஏஆர் என்று எல்லோரும் சொல்வதற்கு, நான் ஒப்புக்கொள்ளும் காரணம் இதுதான்: பொருளுக்கு நேரே நின்றால்தான் அது வேலை செய்யும். மெய்நிகர் காட்சிக்காகத் தலையில் மாட்டும் விஆர் கருவி பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. மாட்டவும் துடைக்கவும் ஒரு ஆள் வேண்டும், வரிசை நிற்கும், மாட்டியவருக்குக் கூடமே தெரியாது. க்யூஆர் கோடு மலிவு, ஆனால் போனைக் கையில் எடுத்த கணமே வந்து குவிந்திருக்கும் செய்திகளோடு நாம் போட்டி போட வேண்டியிருக்கும்.

சரி, நேரத்துக்கு வருவோம். வருகிறவர் நமக்கு எவ்வளவு நேரம் தருவார் என்பதைப் பற்றித் திட்டமிடும் அறையில் பெரிய கனவுகள் இருக்கும். அருங்காட்சியகப் பார்வையாளர்களை ஆராயும் பெவர்லி செரல் நூற்றுக்கும் மேற்பட்ட கண்காட்சிகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, தலைப்பு எதுவானாலும் கூடம் எவ்வளவு பெரிதானாலும் பார்வையாளர்கள் பொதுவாக 20 நிமிடத்துக்கும் குறைவாகவே ஒரு கண்காட்சியில் செலவிடுகிறார்கள் என்று தெரிந்தது. மெட்ரோபொலிட்டன் மியூசியத்தில் ஓவியங்கள் முன் நிற்கும் நேரத்தை அளந்த ஆய்வு ஒன்று 2001-ல் வந்தது. சராசரி 27.2 விநாடி, இடைநிலை அளவு 17 விநாடி, அதாவது பாதித் தடவை அதற்கு மேல் நிற்கவில்லை. விளக்க அட்டையைப் படிக்கும் நேரமும் சேர்த்துத்தான் இது.

இந்த எண்களைக் கூட்டத்தில் சொல்வதற்கு ஒரு நேரம் உண்டு. யாராவது ஆறு நிமிட அறிமுக வீடியோ கேட்கும்போது சொல்வேன். சொல்லிவிட்டு, கையில் கடிகாரத்தை எடுத்து, அந்த அறையில் இருக்கும் எல்லோரையும் ஒரு நிமிடம் நின்றுகொண்டே சுவரைப் பார்க்கச் சொல்வேன். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் புரியும். நான் இப்போது பின்பற்றும் வழக்கம் இது: திரையைத் தொட்டதும் முதல் சில விநாடிகளிலேயே ஏதோ ஒன்று முழுமையாகக் கிடைத்துவிட வேண்டும். முகப்புப் பக்கம், மெனு, வரவேற்புரை எதுவும் வேண்டாம். மொழியைத் தேர்ந்தெடுக்கும் பக்கம்கூடத் தனியாக வேண்டாம். மூலையில் மொழிப் பொத்தான்கள் எப்போதும் இருந்தால் போதும். மொழி என்றதும் ஒன்று: ஆங்கிலத்தை வைத்து அளவெடுத்த பொத்தானில் தமிழ் வாசகம் அடங்காது, எழுத்தைச் சுருக்கிவிடுவார்கள். இருப்பதிலேயே நீளமான மொழியை வைத்து முதலில் வரையச் சொல்லுங்கள்.

நேரத்துக்கு முன்னால் கால் ஓய்ந்துவிடும். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருந்த பெஞ்சமின் கில்மன் 1916-ல் அருங்காட்சியக அயர்ச்சியைப் பற்றி எழுதினார். ஒருவரைக் காட்சிப் பெட்டிகள் முன் நிற்கவைத்து, விளக்க அட்டைகளைப் படிக்க எப்படியெல்லாம் குனியவும் முறுக்கிக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது என்று புகைப்படம் எடுத்துக் காட்டியிருந்தார். நூறு வருடம் கழிந்தும் அந்தப் படங்களில் இருக்கும் மனிதரை நான் கூடங்களில் பார்க்கிறேன், கையில் டேப்லெட்டோடு. திரையின் உயரத்தையும் சாய்வையும் கணினியில் தீர்மானிக்க முடியாது. அட்டைப் பெட்டியில் அதே அளவுக்கு ஒன்று செய்து கூடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் 2010 அணுகல் தரநிலை, சக்கர நாற்காலியில் இருப்பவரின் கை எட்டும் உச்ச உயரம் 1220 மில்லிமீட்டர் என்கிறது. தொட வேண்டியது எல்லாம் அதற்குக் கீழே இருந்தால் நாற்காலியில் வருபவருக்கும் எட்டு வயதுக் குழந்தைக்கும் சேர்த்து ஒரே வேலையில் முடிந்தது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிவேறுபாடு வேண்டும் என்பது இணையப் பக்கங்களுக்கான விதி. மங்கலான கூடத்தில் அதற்கு மேலேயே வைத்துக்கொள்வது நல்லது. வீடியோ எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு பெஞ்ச் போடச் சொல்லி நான் எப்போதும் சண்டை போடுவேன். பட்ஜெட் வெட்டும்போது முதலில் போவது பெஞ்சுதான், ஏன் என்று தெரியவில்லை.

வெளிச்சம் பற்றிப் பேசாமல் திரை பற்றிப் பேச முடியாது. துணி, நீர்வண்ண ஓவியம், கையெழுத்துப் பிரதி போன்ற எளிதில் மங்கும் பொருட்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் வழக்கமாக அனுமதிப்பார்கள். அப்படிப்பட்ட அறையில் வெள்ளைப் பின்னணியோடு ஒரு திரை எரிந்தால், அதைப் பார்த்த கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் துணி கறுப்பாகத்தான் தெரியும். மேசையில் உட்கார்ந்து பார்த்தபோது அழகாக இருந்த வடிவமைப்பு அங்கே கண்ணைக் கூசும். கறுப்புப் பின்னணி வைத்து, அந்த அறையிலேயே, அந்த விளக்குகளின் கீழே பிரகாசத்தைக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும். யாரும் தொடாத நேரத்தில் ‘என்னைத் தொடு’ என்று குதித்துக்கொண்டே இருக்கும் அனிமேஷனும் வேண்டாம். அசைகிற ஒன்று பக்கத்தில் இருந்தால் அசையாத பொருள் கண்ணில் படாது. அந்தக் கூடத்தில் மற்றதெல்லாம் அசையாதவைதான்.

மக்கள் அருங்காட்சியகத்துக்குத் தனியாக வருவது குறைவு. குடும்பமாக, நண்பர்களாக, வகுப்பாக வருகிறார்கள். வடிவமைக்கிறவர்கள் மட்டும் ஒரு ஆள், ஒரு திரை என்று நினைத்துக்கொண்டு வரைகிறோம். இரண்டு பேர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒரே சிலை முன் நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஒருவர் ஏதாவது சொல்ல வாயெடுப்பார், மற்றவர் நிறுத்தும் பொத்தானைத் தேடுவார், அதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகும். ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடெலைக் அருங்காட்சியகம் 1952-லேயே ஒலி வழிகாட்டி தந்தது. உரையைச் சிற்றலை வானொலி மூலம் கூடத்துக்குள் ஒலிபரப்பினார்கள், ஆளுக்கொரு கருவியில் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே வரிதான் கேட்கும். அதனால் மொத்தக் கூட்டமும் ஒன்றாகத் தலையைத் திருப்பி, ஒன்றாக அடுத்த ஓவியத்துக்கு நகரும். தொழில்நுட்பத்தின் குறை அது, ஆனாலும் பக்கத்தில் நிற்பவர் பார்ப்பதையே நீங்களும் பார்த்தீர்கள். இன்று அவரவர் வேகத்தில் கேட்கும் சுதந்திரம் கிடைத்துவிட்டது, சேர்ந்து பார்ப்பதுதான் போய்விட்டது.

குடும்பங்களுக்கான காட்சி என்றால் நான் இப்போது திரையின் அளவைவிட அதைச் சுற்றி நிற்கும் இடத்தைத்தான் முதலில் வரைகிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் கை எட்ட வேண்டும். ஒரு குழந்தை தொடும்போது இன்னொரு குழந்தை தொட்டால் நின்றுவிடக் கூடாது. பின்னால் நிற்கும் பெரியவருக்கும் தெரிகிற மாதிரி எழுத்து இருக்க வேண்டும், ஏனென்றால் சத்தமாகப் படித்துச் சொல்கிறவர் அவர்தான். ஒலி வேண்டுமென்றால் ஹெட்ஃபோனுக்குப் பதில், குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கேட்கும் திசை ஒலிபெருக்கியை யோசிக்கலாம். அதிலும் நாள் முழுக்க அங்கே நிற்கும் பணியாளரைக் கேட்காமல் எந்தச் சத்தத்தையும் சுழற்சியில் ஓட விடாதீர்கள். ஒரே பறவைக் குரலைக் காலையிலிருந்து மாலை வரை கேட்க நேரும் மனிதர், ஒரு நாள் அதன் வயரைப் பிடுங்கிவிடுவார். எனக்கு அவர் மேல் கோபம் வராது.

கையில் எடுத்துச் செல்லும் கருவிகளில் நான் பொறாமையோடு பார்த்தது கூப்பர் ஹெவிட் பேனா. நியூயார்க்கில் இருக்கும் அந்த வடிவமைப்பு அருங்காட்சியகம் 2015-ல் நுழைவுச் சீட்டோடு ஒரு தடித்த பேனாவைக் கொடுத்தது. பிடித்த பொருளின் விளக்க அட்டையில் பேனாவின் முனையை அழுத்தினால் அது சேர்ந்துவிடும், வீட்டுக்குப் போய்ச் சீட்டில் இருக்கும் முகவரியில் பார்க்கலாம். பேனாவில் திரை கிடையாது என்பதுதான் அதன் அழகு. கைக்கு வேலை கொடுத்துவிட்டுக் கண்ணைச் சும்மா விட்டது. டாஸ்மேனியாவில் 2011-ல் திறந்த மோனா அருங்காட்சியகம் இதற்கு நேர் எதிர். சுவரில் விளக்க அட்டையே வைக்கவில்லை, எல்லாம் ‘ஓ’ என்ற கையடக்கக் கருவியில்தான். முதலில் படைப்பைப் பாருங்கள், வேண்டுமென்றால் படியுங்கள் என்பது அதன் போக்கு. துணிச்சலான முடிவு, ஆனால் கட்டடம் முழுவதையும் அதற்காகவே நடத்துகிறவர்களால்தான் முடியும்.

க்ளீவ்லாந்து கலை அருங்காட்சியகம் 2013-ல் கேலரி ஒன் என்ற கூடத்தைத் திறந்தபோது, கலைப்படைப்புகளுக்கு நடுவே பெரிய தொடுதிரைகள் இருந்தன. உலகமே போய்ப் பார்த்தது. 2017-ல் அவர்களே அந்த இடத்தை மாற்றினார்கள். படைப்புகளுக்குப் பக்கத்தில் இருந்த தொடுதிரைகள் போய், உடலசைவை உணரும் காட்சிகள் வந்தன. சிலையின் நிலையை நீங்கள் உங்கள் உடம்பால் நடித்துப் பார்க்கலாம். நடிக்க வேண்டுமென்றால் சிலையை ஒழுங்காகப் பார்த்தாக வேண்டும். புகழ் வந்த நான்கு ஆண்டுகளில் ஒரு காட்சியைக் கழற்றும் மனம் எல்லோருக்கும் வராது.

ப்ரூக்ளின் அருங்காட்சியகம் 2015-ல் கொண்டுவந்த ஆஸ்க் செயலி எனக்கு இன்னும் பிடித்தது. பார்வையாளர் போனில் கேள்வியைத் தட்டச்சு செய்வார், மறுபக்கம் கலை தெரிந்த மனிதர்கள் உட்கார்ந்து உடனே பதில் எழுதுவார்கள். கேள்வி கேட்க வேண்டும் என்றாலே படைப்பை இன்னொரு தடவை பார்க்கத்தான் வேண்டும். சம்பளம் கொடுக்க வேண்டிய தொழில்நுட்பம் அது, அதனால்தான் அதைப் பலர் நகலெடுக்கவில்லை என்று நினைக்கிறேன். சின்ன அளவில் நாங்கள் செய்து பார்த்தது: பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பேடும் பென்சிலும். ‘இதைப் பற்றி என்ன கேட்கத் தோன்றுகிறது?’ என்று மட்டும் மேலே எழுதி வைத்தோம். காப்பாட்சியர் எழுத நினைத்திருந்த விளக்கத்துக்கும் மக்கள் கேட்டதற்கும் இருந்த தூரம் அந்தக் குறிப்பேட்டில் தெரிந்தது. நாங்கள் காலத்தையும் வம்சத்தையும் எழுதி வைத்திருந்தோம், அவர்கள் கேட்டது இது எவ்வளவு கனம் இருக்கும், இதை யார் கழுவினார்கள், இந்த ஓட்டை எதற்கு. திரைக்கான உரையை எழுதும் முன் இப்படி ஒரு குறிப்பேட்டை வைத்துவிடுவது இப்போது எங்கள் வேலையின் முதல் படி.

திறப்பு விழா வரை எல்லாம் நன்றாகத்தான் நடக்கும். அதற்கப்புறம் அந்தக் காட்சி யாருடையது? அதைக் காலையில் ஏற்றி மாலையில் அணைக்கிறவருடையது. விசைப்பலகை இல்லாத ஒரு கணினி உறைந்து நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரே சுவிட்சில் எல்லாம் ஏற வேண்டும், மின்சாரம் போய் வந்தால் தானாக மறுபடி அதே இடத்துக்கு வர வேண்டும், இரண்டையும் திறப்புக்கு முன் அவர் கையாலேயே செய்யச் சொல்லிப் பாருங்கள். கூடத்தில் நிற்கும் பணியாளர்களை வடிவமைப்புக் கூட்டங்களுக்கு ஆரம்பத்திலேயே அழைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எந்த மூலையில் குழந்தைகள் ஓடுவார்கள், எந்தக் கண்ணாடியில் மாலை வெயில் அடிக்கும், எந்தப் பெட்டிக்கு முன் ‘கழிப்பறை எங்கே’ என்று கேட்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

மென்பொருளுக்கு ஆயுள் குறைவு என்பதை, அசையும் காட்சிகள் செய்யப் பயன்பட்ட ஃப்ளாஷ் என்ற மென்பொருள் எல்லோருக்கும் காட்டிவிட்டது. அதன் உரிமையாளரான அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஓடு அதற்கான ஆதரவை நிறுத்தியது. ஃப்ளாஷை நம்பிச் செய்த கியாஸ்க்குகள், அதாவது தனியாக நிற்கும் தொடுதிரைக் கணினிகள், எத்தனையோ கூடங்களில் இருந்தன. நான் பார்த்த ஒரு கூடத்தில், செய்து கொடுத்த நிறுவனம் மூலக் கோப்புகளைத் தரவில்லை. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தக்கூட வழியில்லாமல் திரை அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. அதனால் ஒப்பந்தத்தில் சிலவற்றைக் கறாராக எழுதச் சொல்கிறேன். உரை, படம், ஒலி எல்லாம் அருங்காட்சியகத்திடம் தனித்தனிக் கோப்புகளாக இருக்க வேண்டும். நிரலாளர் உதவியின்றி உரையை மாற்ற முடிய வேண்டும். திரை, கணினி, சென்சார் இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உபரி அலமாரியில் இருக்க வேண்டும். பராமரிப்புக்கான தொகை முதல் ஆண்டுக்கு மட்டும் இல்லாமல், காட்சி நிற்கப்போகும் காலம் முழுமைக்கும் திட்டத்தின் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும். இது ஒதுக்கப்படவில்லை என்றால் திரையின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துவிடச் சொல்வேன், பெரும்பாலும் யாரும் வருத்தப்படுவதில்லை.

இன்னொரு படமும் கேட்பேன். திரை அணைந்திருக்கும்போது அந்த மூலை எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டச் சொல்வேன். ‘பழுது’ என்று எழுதிய காகிதம் ஒட்டிய கறுப்புக் கண்ணாடி மட்டும்தான் மிஞ்சும் என்றால், பெட்டிக்குள்ளேயே நான்கு வரியில் ஓர் அச்சு அட்டையைச் சேர்த்துவிடுவோம். செலவு ஒன்றும் பெரிதில்லை. திரை ஓடுகிற நாளிலும் அதைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பெட்டிக்குள் இருப்பதால் படித்துக்கொண்டே பொருளையும் பார்த்துவிடுகிறார்கள்.